பால்மரத்துக்குப் பின் – 7: கப்பலேற்றிய காலமும் காப்புறுதிக் காலமும்

மலாயாவில் வேலையிழந்த தமிழனுக்கு அன்றைய அரசாங்கம் செய்த பெரிய உதவி, ஊருக்குத் திருப்பி அனுப்பும் கப்பல் டிக்கெட்.

1907-இல் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் தாங்கள் வேலைக்கு வைத்திருந்த இந்தியத் தொழிலாளர் கணக்குப்படி அதில் பணம் கட்டினார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் கொண்டுவரும் செலவு அதிலிருந்துதான் போனது. 1930-இல் உலக மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விலை தேறியது, 1934-இல் மறுபடியும் ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். தொழிலாளியின் பெயரில் வசூலித்த பணம் இருந்தது, அதை நிர்வகிக்க ஆளும் இருந்தார்கள். நல்ல காலம் வரும்வரை அவன் இங்கேயே அடுப்பு எரிக்கட்டும் என்று கொடுக்கத்தான் மனம் வரவில்லை. அந்த நிதி பின்னால் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் இருந்தது. 1999-இல் சட்டம் இயற்றி அதைக் கலைத்தார்கள்.

துண்டாடல் காலத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறு போட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தவணைக்குப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் கட்டிய காசில் தோட்டங்களை வாங்கினார்கள். அந்தச் சாதனையை நினைக்கும்போது இப்போதும் பெருமையாக இருக்கிறது. ஆனால் அதுவும் தொழிலாளி தனக்குத் தானே செய்துகொண்ட உதவிதான். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர்கள் நாட்டை விட்டே போனார்கள். மறுபடியும் கப்பல்தான்.

தங்கியவர்களுக்கு 1980-இல் பணிநீக்க நிவாரண விதிகள் வந்தன. இரண்டாண்டுக்கும் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குள் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். இருபத்தைந்து வருஷம் பால் வெட்டிய பெண்ணுக்கு ஐந்நூறு நாள் சம்பளம் கிடைக்கும். மரத்தை வெட்டிச் செம்பனை போட்டபோதும், நிலத்தை வீடமைப்புக்கு விற்றபோதும் பலர் கையில் வாங்கியது இதைத்தான். வேலையோடு லயத்து வீடும் போனது. பின்கட்டுத் தோட்டமும் மாட்டுக்கொட்டகையும் போயின. அதற்கெல்லாம் எந்த விதியிலும் கணக்கு இல்லை. 1985 அக்டோபரில் ஈயச் சந்தை சரிந்து கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தோட்டத்தை விட்டால் ஈப்போ பக்கம் ஏதாவது கிடைக்கும் என்ற வழியும் அதோடு குறுகியது.

இந்தப் பின்னணியில் பார்த்தால், 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டம் பெரிய விஷயம். தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது அது. சம்பளத்தில் தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு கட்டுகிறார்கள், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நிர்வகிக்கிறது. வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கியவருக்கு இது முதல் மாதம் ஏறத்தாழ 1,360. ஆறாவது மாதம் 510. ஆறு மாதமும் கிடைத்தால் மொத்தம் 4,590 வெள்ளி வரும். அதற்கு அவர் மாதாமாதம் கட்டியது மூன்று வெள்ளி சொச்சம்.

“சும்மா காசு கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவான்” என்று கோயில் மண்டபத்திலும் சொல்கிறார்கள், காப்பிக் கடையிலும் சொல்கிறார்கள். மாதாமாதம் குறையும் பணத்தை வைத்து யார் சோம்பிக் கிடக்க முடியும்? வேலை தேடியதற்குச் சான்று காட்டினால்தான் அந்தப் பணமும் வரும். சீக்கிரம் வேலை கிடைத்துவிட்டால் மிச்சத் தொகையில் கால் பங்கை ஊக்கத்தொகையாகக் கொடுக்கிறார்கள். பால்மரக் காட்டில் விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்ற சமூகத்தைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

என் கவலை இந்தத் திட்டம் யாரை விட்டுவிடுகிறது என்பதில்தான். சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த வேலைக் கடிதங்களை எடுத்துக் காட்டினார். மூன்று கடிதங்களிலும் வேறு வேறு கம்பெனிப் பெயர், பள்ளிக்கூடம் ஒன்றேதான். “கம்பெனி பேருதான் மாறுது தம்பி, நான் கூட்டுற வாசல் அதேதான்” என்றார். ஒவ்வொரு முறையும் குத்தகை மாறும்போது அவருடைய சேவைக் காலம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. புதிய குத்தகையாளர் எடுக்காவிட்டால் அவருக்கு வேலை இல்லை. ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போவதைச் சட்டம் வேலையிழப்பாக ஏற்பதில்லை. சொந்தமாக ராஜினாமா செய்தாலும் கிடையாது. அதனால்தான் முதலாளி நீட்டும் ராஜினாமாக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. லாரி அட்டெண்டன், பாசாரில் கடை போட்டவர், மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோகும் பையன் என்று சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

கோவிட் காலத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2020 மே மாதத்தில் வேலையின்மை 5.3 விழுக்காட்டுக்கு ஏறியது. மறு ஆண்டு வீட்டுச் சன்னலில் வெள்ளைக்கொடி கட்டி அக்கம்பக்கத்தாரிடம் அரிசி கேட்டார்கள். அரசாங்கம் சேமநிதியைத் திறந்துவிட்டது. நான்கு திட்டங்களில் மக்கள் எடுத்தது 14,500 கோடி வெள்ளி. அது அவர்களுடைய சொந்த முதுமைக்காலப் பணம். அறுபது வயதில் சாப்பிட வேண்டியதை நாற்பதில் சாப்பிட வைத்துவிட்டு, அதை உதவி என்று கணக்கில் எழுத முடியாது.

எனவே, வேலையிழந்தவருக்கு அரசாங்கம் உதவி கொடுக்கத்தான் வேண்டும். தொழிலாளியும் முதலாளியும் கட்டிய பணத்தைப் பங்கிடுவது ஒரு பாதி. மறு பாதி பொது வருமானத்திலிருந்து, சம்பளச் சீட்டு இல்லாதவருக்கும் வர வேண்டும். இந்தியாவில் 2005-இல் கொண்டுவந்த நூறு நாள் வேலைச் சட்டம், கேட்டுப் பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் படி தர வேண்டும் என்று எழுதியது. நடைமுறையில் குறை இருந்தாலும், கூலிக்காரரின் உரிமை என்று அதைச் சட்டத்தில் எழுதினார்களே.

பேராவில் இந்த மாற்றத்தைத் தொடங்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2020 ஜூன் 2-ஆம் தேதி ஈப்போ பொது மருத்துவமனைக்கு வெளியே துப்புரவுத் தொழிலாளர் உரிமைக்காக மறியல் நடந்தது. ஐந்து பேரைக் கைது செய்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் கூட்டுவது அரசாங்க மருத்துவமனை, அந்த அம்மா கூட்டுவது அரசாங்கப் பள்ளி. குத்தகை மாறினாலும் அவர்களுடைய சேவைக் காலம் தொடரும் என்றும், குத்தகை முடிந்து வேலை போனாலும் காப்புறுதிப் பணம் உண்டு என்றும் டெண்டரிலும் சட்டத்திலும் எழுத வேண்டியது அரசாங்கமேதான்.

(தொடரும்)