அமைச்சர் கூறிய அறிவுரை

அரசனுக்குப் படை புறவலிமை. அமைச்சர் கூறும் அறிவுரை அகவலிமை. திருவள்ளுவர் அமைச்சு முதல் அவையஞ்சாமை ஈறாகப் பத்து அதிகாரங்களை அமைச்சியல்பு உணர்த்த வகுத்தமையால் இதன் அருமை விளங்கும். ஆராய்ந்து உரைக்கும் இவ்வறிவுரையைப் பண்டையோர் ‘சூழ்ச்சி’ என்றனர். வஞ்சகம் என்னும் பொருள் அச்சொல்லுக்குப் பின்னர் ஏறியதாகும்.

சிலப்பதிகாரத்துக் காட்சிக் காதையில் இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவன், கண்ணகியின் படிமத்திற்கு இமயத்தினின்று கல் கொணர உறுதி பூண்டான். அப்பொழுது வில்லவன் கோதை என்பான் அரசனுடைய பழைய வெற்றிகளை எடுத்துரைத்துப் புகழ்ந்தான். பின்னர், வில்லும் கயலும் புலியும் பொறித்த திருமுகங்களை வடநாட்டு வேந்தர்க்கு விடுக்குமாறு வேண்டினான்.

அழும்பில்வேள் என்னும் அமைச்சன் வேறு கருதினான். பகைவேந்தருடைய ஒற்றர் வஞ்சி நகர வாயிலை விட்டு நீங்குவதில்லை. ஆதலின், நகரில் பறையறைவித்தலே போதும். அவ்வொற்றரே செய்தியைத் தம் அரசர் செவியிற் சேர்ப்பர் என்றான். பகைவர் கருவியையே தமக்குத் தூதாக்கிய திறம் இது!

பகைவரின் ஒற்றர் நம் வாயிலில் உளர் என்று மன்னன் முன் மொழிதல் எளிதன்று. புகழ்ச்சியில் மயங்கும் மன்னனாயின், காவலைக் குறை கூறினான் என்று வெகுண்டிருப்பான். செங்குட்டுவனோ அவ்வுரையை ஏற்றான். யானையின் பிடரியில் முரசேற்றி நகரெங்கும் அறைவித்தான்.

இனியன கூறுவார் பலர். உறுதி கூறுவார் சிலர். முடியாட்சி மறைந்த இந்நாளிலும், அவையில் உண்மை உரைப்பவனுக்கு அஞ்சாமையும், அதனைக் கேட்பவனுக்குப் பொறுமையும் வேண்டும். இரண்டில் ஒன்று குறையினும் அறிவுரை பயன்படாது.