வேடர் பாட்டும் நம் தமிழும்

ஒரு மொழியிலே தோன்றிய நல்லிலக்கியம் பிறமொழிகளுக்கும் செல்லுதல் வேண்டும் என்பதை மறுப்பார் எவரும் இலர். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் வீரமாமுனிவர் இலத்தீனிற் பெயர்த்தார். போப்பையர் 1886ஆம் ஆண்டிற் குறளையும், 1900ஆம் ஆண்டில் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இவற்றை எண்ணி நாம் பெருமை கொள்கின்றோம், அது தக்கதே. ஆயின், ஏடும் எழுத்தாணியும் கொள்ளாது, வாயினாற் பாடிச் செவியினாற் காத்துவந்த மக்களின் இலக்கியத்தைப் பெயர்ப்பது எங்ஙனம்? பெயர்த்த பின்னர் அது யாருக்கு உரியது? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. இவ்விலங்கைத் தீவின் பழங்குடியினராகிய வேடரின் பாட்டுக்களை எடுத்துக் கொள்வோம்.

எங்கள் வெள்ளாங்குளத்துக்குத் தெற்கே, அருவியாறு கடலோடு கலக்கும் பகுதியில் அரிப்பு என்னும் ஊர் உளது. கண்டி அரசனின் சிறையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்த ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679ஆம் ஆண்டு அவ்வாற்றங்கரைக் காட்டினூடே தப்பி வந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில் வேடரைப் பற்றிய செய்திகள் உள்ளன. அவர்கள் வேட்டையாடிய இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்திற் சேமித்து வைப்பர் என்று அவர் எழுதினார். அந்நூல் அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. வேடரைப் பற்றிய சொல் ஐரோப்பா எங்கும் சென்றது. வேடருடைய சொல் செல்லவில்லை. அது செல்வதற்கு மேலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1907ஆம், 1908ஆம் ஆண்டுகளில் செலிக்மன் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் மனைவியார் பிரெண்டா அம்மையாரும் இலங்கைக்கு வந்து வேடரிடையே தங்கி ஆராய்ந்தனர். அவர்கள் தம்மோடு போனோகிராப் கருவியையும் கொண்டு சென்றனர். மெழுகு உருளைகளிற் பதிவான அப்பாட்டுக்கள் இன்றும் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்திற் பேணப்படுகின்றன. 1911ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களது நூலில், தாலாட்டும், தேனெடுக்கும்போது பாடுவனவும், முன்னோரை அழைப்பனவுமாகப் பல பாட்டுக்கள் இடம்பெற்றன. கேம்பிரிட்ஜ் அறிஞராகிய மையர்ஸ் அவற்றின் இசையை ஆராய்ந்து, சில பாட்டுக்கள் இரண்டே சுரங்களில் அமைந்தவை என்று காட்டினார். சிங்கள இலக்கண நூல் செய்த மெண்டிஸ் குணசேகர முதலியாரும் அந்நூலுக்கு ஓர் இணைப்பு எழுதி உதவினார்.

இங்கே நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்நூலாசிரியர்கள் ஆங்கிலப் பொருளை மாத்திரம் அச்சிட்டு நின்றுவிடவில்லை. வேடர் வாயினின்று வந்த மூலச் சொற்களையும் உரோம எழுத்திற் பொறித்து வைத்தனர். அதனால் அவர்கள் கொண்ட பொருள் சரியா, பிழையா என்று பின்வந்தோர் ஆராய்தல் கூடிற்று. சிங்கள மொழியியல் அறிஞர் சுகதபால டி சில்வா 1972ஆம் ஆண்டு வேடர் மொழியைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மூலம் அழிந்து பெயர்ப்பு மட்டும் எஞ்சியிருப்பின், பெயர்த்தவர் கூற்றையே வேதவாக்காகக் கொள்ள வேண்டியிருந்திருக்கும் அன்றோ?

இனி, அப்பாட்டுக்களைத் தமிழிற் பெயர்க்க ஒருவர் முற்படுகின்றார் என்று வைத்துக் கொள்வோம். அவர் எதிர்கொள்ளும் இடர்கள் இரண்டைக் கூறுகின்றேன்.

வேடர் தம் இறந்த உறவினரை ‘நே யக்கு’ என்பர். சிங்களத்தில் ‘யக்கா’ என்னும் சொல் இன்று பேயைக் குறிக்கும். அகராதியை மட்டும் நம்பிய ஒருவர் ‘நே யக்கு’ என்பதைப் ‘பேய்கள்’ என்று எழுதிவிடுவார். என்ன நேரும்? தம் குடியைக் காக்குமாறு அன்போடு அழைக்கப்பட்ட பாட்டனும் தந்தையும் ஒரே சொல்லினாற் பேய்களாகிவிடுவர். ‘நே’ என்பதோ உறவைக் குறிக்கும் சொல். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் இல்லையா? உண்டு. தென்புலத்தார் என்றும், குலமுன்னோர் என்றும் நாம் வழங்குகின்றோம். நம் இல்லங்களில் ஆடி அமாவாசையன்று விரதமிருந்து நினைப்பவர்களைப் பேயென்று எவரேனும் எழுதினால் நாம் பொறுப்போமா? நம் முன்னோருக்குக் கொடுக்கும் மரியாதையைப் பிறர் முன்னோருக்கும் கொடுப்பது மொழிபெயர்ப்பாளனின் முதற் கடமையாகும்.

இரண்டாவது இடர் இதற்கு நேர்மாறானது. வேட்டையில் துணை செய்வதற்காக வேடர் வணங்கும் பெருவீரனுக்குக் ‘கந்தே யக்கா’ என்று பெயர். தேங்காய்ப்பால் நிறைந்த பாத்திரத்தை வைத்து, கையில் அம்பேந்தி ஆடும் ‘கிரிகொரஹ’ என்னும் சடங்கில் அவனை அழைப்பர். ‘கந்தே’ என்று கேட்டவுடன் நம் தமிழ்ச்செவி என்ன செய்யும்? கந்தவேள் என்று கொண்டு மகிழும். வள்ளிநாயகி வேடர்குலத்து மகள் என்பதும், கதிர்காமத்தோடு வேடருக்குள்ள தொடர்பும் நம் நினைவில் வந்து அக்கருத்துக்கு வலுவூட்டும். ஆனால் ‘கந்த’ என்பது சிங்களத்தில் மலையைக் குறிக்கும் சாதாரணச் சொல். ஒலி ஒத்திருத்தல் ஒன்றே பொருள் ஒத்தமைக்குச் சான்றாகாது. இத்தொடர்பினை ஆராய்வது ஆராய்ச்சியாளர் பணி. பெயர்ப்பவர் தம் பக்தியினால் அதனை முன்கூட்டியே முடிவு செய்து, வேடர் பாட்டிலே கந்தபுராணத்தைப் புகுத்துதல் ஆகாது. முன்னையவர் அவமதிப்பினாற் பிழைக்கின்றார். பின்னையவர் அன்பினாற் பிழைக்கின்றார். இருவரிடத்தும் வேடர் குரல் மறைந்து போகின்றது.

பாட்டை அதன் தொழிலினின்று பிரித்தாலும் இவ்வாறே குறை நேரும். நம் கடற்கரையில் வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை ஆங்கிலத்தில் எழுதுமாறு என் மாணவர் சிலரிடம் ஒருமுறை கூறினேன். அவர்கள் சொற்களுக்குப் பொருள் எழுதினார்கள். ‘ஏலேலோ’ என்னும் இடத்தை வெறுமனே விட்டார்கள். “பொருளில்லாத சொல்லை எப்படிப் பெயர்ப்பது, ஐயா?” என்று ஒரு மாணவன் கேட்டான். அப்போது கரையூரிலிருந்து வரும் வேறொரு மாணவன் எழுந்து, “அந்தச் சொல் வரும்போதுதான் எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள்” என்றான். அது பொருளற்ற சொல்லன்று. இருபது கைகளை ஒரு கையாக்கும் சொல். அதனை நீக்கிய பெயர்ப்பில் வலை கரைசேராது. ஆகவே, பாட்டோடு பாடியவர் யார், எவ்விடத்தில், எத்தொழில் செய்யும்போது பாடினார் என்பதையும் எழுதிவைத்தல் இன்றியமையாததாகும்.

தமிழகத்து நீலகிரியில் வாழும் தோடர் பாட்டுக்களைத் தொகுத்த எமனோ என்னும் அறிஞர் இவ்வழியே நின்றார். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆராய்ந்த அவர், தோடர் பாட்டுக்களின் பெருந்தொகுதியை 1971ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார். தோடர் பாட்டு இணையிணையான தொடர்களால் அமைவது. அதில் வரும் மந்தையின் பெயரையும் மலையின் பெயரையும் அறியாதவர்க்கு அது விளங்காது. ஆதலின் மூலத்தையும், பொருளையும், விளக்கத்தையும் ஒருங்கே தருதல் வேண்டியதாயிற்று. சில நூறு பேரே பேசிய ஒரு மொழிக்காக ஓர் அறிஞர் முப்பது ஆண்டுகளுக்கு மேற் காத்திருந்தார் என்பது நம் மாணவர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

கடல்கடந்த நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில் வாழும் கிச்சே என்னும் மாயா மக்களுக்குப் போபோல் வூ என்ற பழங்கதை நூல் உளது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிமேனெஸ் என்னும் பாதிரியார், கிச்சே மூலத்தை ஒரு பத்தியிலும் ஸ்பானிய மொழிபெயர்ப்பை மற்றொரு பத்தியிலுமாக எழுதினார். அவர் பார்த்து எழுதிய பிரதி பின்னர் மறைந்து போயிற்று. இன்று உலகிலுள்ள மூலம் அவர் மொழிபெயர்ப்பின் அருகில் எழுதி வைத்ததே. 1985ஆம் ஆண்டில் டெட்லொக் என்பவர் ஆங்கிலத்திற் பெயர்த்தபோது, கிச்சே இனத்துப் பெரியவர் ஒருவருடன் அமர்ந்து அந்நூலை வாசித்தார். அதனால், ஏட்டறிவினால் விளங்காத இடங்கள் சில வாழ்வறிவினால் விளக்கம் பெற்றன.

நம் நாட்டில் அவ்வாறு உடனமர்ந்து விளக்குவோர் இன்னும் எத்தனை காலம் இருப்பர்? வேடர் தம்மை ‘வன்னியல எத்தோ’ என்பர். காட்டு மக்கள் என்பது அதன் பொருள். எங்கள் வன்னிநாட்டின் பெயரை நினைவூட்டும் சொல் அது. 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயாக் காடு தேசிய வனமாக்கப்பட்டபோது, அவர்களது வேட்டைநிலத்திற் பெரும்பகுதி சட்டத்தினால் அடைபட்டது. தேனெடுக்கச் செல்லாதவனுக்குத் தேன்பாட்டு எதற்கு? காடு அடைபட, தொழில் ஒழிகின்றது. தொழில் ஒழிய, சொல் ஒழிகின்றது. தம்பானை வேடர் தலைவராக விளங்கிய திசாஹாமி முதியவர் 1998ஆம் ஆண்டிற் காலமானார். முதியோர் ஒவ்வொருவர் மறைவோடும் ஒரு தொகுதிச் சொற்கள் மறைந்து போகின்றன. இளையோர் நாளாந்த வாழ்விற் சிங்களமே பேசுகின்றனர்.

கிழக்குக் கரையிலோ நிலைமை வேறு. வாகரைப் பகுதியிலும் மூதூர்ப் பகுதியிலும் வாழும் வேடர் தமிழ் பேசுவோர். அவர்கள் ஆண்டுதோறும் தம் முன்னோரை அழைத்து நிகழ்த்தும் விழாவுக்குச் சடங்கு என்றே பெயர். அவர்களது வாய்மொழியைப் பதிவு செய்யவும், விளங்கிக் கொள்ளவும், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கவும் தமிழ் மாணவரைவிட உரியவர் யார்? முன்பு மெழுகு உருளையும் பெருங்கருவியும் வேண்டியிருந்த வேலையை, இன்று சட்டைப்பையிலுள்ள தொலைபேசி செய்துவிடும். கருவி இருக்கின்றது, மொழி தெரிகின்றது. வேண்டுவது முறைமை ஒன்றே.

அம்முறைமை யாது? பாடுபவரிடம் இசைவு பெறுக. சில பாட்டுக்கள் வெளியார் செவிக்கு உரியன அல்ல என்று அவர் கூறின், அவற்றை விட்டுவிடுக. கேட்டதைத் திருத்தாது, இலக்கணத் தமிழாக்காது, கேட்டபடியே எழுதுக. பெயர்ப்புக்குப் பக்கத்தில் மூலத்தையும் வைக்குக. எல்லாம் முடிந்தபின், எழுதியதைப் பாடியவரிடமே கொண்டு சென்று படித்துக் காட்டுக. அவர் ‘இது என் பாட்டு’ என்று ஏற்றுக்கொண்டால் அதுவே நற்பெயர்ப்பு. ஏற்காவிடின், அறிஞர் அனைவரும் புகழினும் அது அன்று.

இலண்டன் நூலகத்திலிருக்கும் அம்மெழுகு உருளைகளில் ஒலிக்கும் தாய், உலகத்து அறிஞர்க்காகப் பாடியவள் அல்லள். மடியிற் கிடந்த மழலைக்காகப் பாடியவள். அம்மழலையின் வழிவந்தோர் அப்பாட்டை மீண்டும் கேட்டு, பொருள் அறிந்து, தம் மக்களுக்குப் பாடுவார்களாயின் அதனைப் பிறமொழிகளிற் பெயர்த்த உழைப்பு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.