செல்லாமற்போன தேர்தல்

கள்ள வாக்கு போடப்பட்டதாகச் சான்று இல்லை. எண்ணிக்கையைத் திருத்தியதாகவும் சான்று இல்லை. ஆயினும் ஒரு நாட்டுத் தலைவர் தேர்தல் முழுவதையும் செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2016ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவில் நிகழ்ந்த செய்தி இது. அந்நாட்டின் வரலாற்றில் நாடு தழுவிய தேர்தல் ஒன்று இவ்வாறு முற்றாக நீக்கப்பட்டது அதுவே முதன்முறை.

ஆல்ப்ஸ் மலைத்தொடரை அணைத்துக் கிடக்கும் ஆஸ்திரியா, ஏறக்குறைய 90 இலட்சம் மக்கள் வாழும் சிறு நாடு. 1918இல் ஹாப்ஸ்பர்க் பேரரசு சிதைந்தபின் அது குடியரசாயிற்று. 1951 முதல் அதன் தலைவரை மக்களே நேரில் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து வருகின்றனர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். அன்றாட ஆட்சியை நடத்துபவர் சான்சலர் எனப்படும் தலைமை அமைச்சரேயாயினும், அவரை நியமிப்பதும் அரசாங்கத்தை விலக்குவதும் சட்டப்படி தலைவர் கையில் உள்ள அதிகாரங்கள். முதற்சுற்றில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில், முதலிரு இடத்தாரிடையே இரண்டாம் சுற்று நடைபெறும்.

2016 ஏப்ரல் 24ஆம் நாள் நடந்த முதற்சுற்றே வியப்பளித்தது. நெடுங்காலம் நாட்டை மாறி மாறியும் சேர்ந்தும் ஆண்ட இரு பெருங்கட்சிகளின் வேட்பாளர்களும் பின்தள்ளப்பட்டனர். சுதந்திரக் கட்சியின் நோர்பெர்ட் ஹோஃபர் 35 விழுக்காடு பெற்று முதலிடம் அடைந்தார். பசுமைக் கட்சியின் முன்னாள் தலைவரும் பொருளியல் பேராசிரியருமான அலெக்சாந்தர் வான் டெர் பெல்லன் 21 விழுக்காட்டுடன் இரண்டாமவரானார். ஒருவர் வலக்கோடி, மற்றவர் இடப்பக்கம். நாடே இரண்டாகப் பிரிந்து நின்றது.

மே 22, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் சுற்று நடந்தது. அன்றிரவு சாவடி வாக்குகளை எண்ணி முடித்தபோது ஹோஃபர் 144,006 வாக்குகள் முன்னணியில் இருந்தார். ஆனால் அஞ்சல் வாக்குகள் ஏழு இலட்சத்துக்கு மேல் எஞ்சியிருந்தன. சட்டப்படி அவற்றை மறுநாள் திங்கட்கிழமைதான் எண்ணவேண்டும். எண்ணினார்கள், நிலை தலைகீழாயிற்று. வான் டெர் பெல்லன் 2,251,517, ஹோஃபர் 2,220,654. வேறுபாடு வெறும் 30,863.

இரவில் வென்றவர் காலையில் தோற்றால் ஐயம் எழுவது இயல்பே. அஞ்சலில் வாக்களிப்போர் பெரும்பாலும் நகரத்தார், கல்லூரி கற்றோர் என்பதால் அவ்வாக்குகள் ஒருபுறம் சாய்ந்ததில் புதுமை இல்லை. எனினும் சுதந்திரக் கட்சி ஜூன் மாதத்தில் அரசியல் சட்ட நீதிமன்றத்தை நாடியது. முறையீட்டின் சாரம், அஞ்சல் வாக்கு உறைகளைக் கையாண்ட விதம் சட்டத்துக்கு மாறானது என்பதே.

அந்த விதியைச் சற்று விளக்கவேண்டும். அஞ்சல் வாக்காளர் தம் சீட்டை ஓர் உறையிலிட்டு, அதனை வாக்கு அட்டை எனப்படும் மேலுறையில் வைத்து, தாமே மறைவாக வாக்களித்ததாகக் கையொப்பமிட்டு ஒட்டி அனுப்புவார். அவ்வுறைகளைத் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு முன் பிரிக்கலாகாது. பிரிக்கும்போது கட்சிகளின் சார்பில் அமர்ந்த உறுப்பினர் அடங்கிய மாவட்டத் தேர்தல் குழு உடனிருக்க வேண்டும். தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் உறையை எல்லார் கண்முன்னும் பிரிப்பது எதற்கோ, இதுவும் அதற்கே.

நடந்தது வேறு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சில மாவட்டங்களில் அலுவலர்கள் குறித்த நேரத்துக்கு முன்பே உறைகளைக் கத்தரித்து வைத்துவிட்டனர். சில இடங்களில் குழு உறுப்பினர் எவரும் இல்லாமலே பணி நடந்தது. அதைவிட வருந்தத்தக்கது, அனைத்தும் முறைப்படி நடந்தது என்று எழுதிய அறிக்கையில் உறுப்பினர்கள் படியாமலே கையொப்பமிட்டமை. அவர்களுள் வழக்குத் தொடுத்த கட்சியினரும் இருந்தனர்! தமது கண் எதிரே நடக்கவேண்டியதைக் காணாமலே கண்டதாக எழுதிக் கொடுத்தவர், பின்னர் சாட்சிக் கூண்டில் விழிக்க நேர்ந்தது.

ஜூலை 1ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 14 மாவட்டங்களில் விதி மீறப்பட்டது. அங்கே பாதிக்கப்பட்ட வாக்குகள் 77,926. வேறுபாடோ 30,863. அதாவது, 15,432 வாக்குகள் இவரிடமிருந்து அவருக்கு மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். மோசடி நடந்ததாக நீதிமன்றம் கூறவில்லை. நடந்திருக்க இடமிருந்தது என்பதே போதுமென்றது. மற்றொரு குறையையும் அது கண்டது. வாக்களிப்பு முடியுமுன்னரே, பகுதி முடிவுகளை உள்துறை அமைச்சு செய்தி நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்தது. மாலை 5 மணிவரை வெளியிடலாகாது என்ற நிபந்தனை இருந்தும் செய்தி கசிந்தது.

தீர்ப்பை எதிர்த்த சட்ட அறிஞர்களும் உண்டு. முறைகேடு முடிவைப் பாதித்திருந்தால் தேர்தலை நீக்கலாம் என்றே அரசியல் சட்டம் கூறுகிறது. பாதித்திருக்கலாம் என்று நீதிமன்றம் அதனை விரித்தது பொருந்தாது என்பது அவர்கள் வாதம். பிரித்த உறைகளில் பல்லாயிரம் சீட்டுகளை எவரும் அறியாமல் மாற்றுவது நடவாத காரியம் என்றும் கூறினர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் நீதிமன்றம் நெடுநாளாகக் கைக்கொண்ட வழியையே இம்முறையும் கைக்கொண்டது. வென்றவர் யார் என்று பார்த்து அளவுகோலை வளைத்திருந்தால், தோற்ற பாதிப்பேர் அந்த முடிவை ஒருநாளும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே ஒரு விந்தை. பழைய தலைவர் ஹைன்ஸ் ஃபிஷரின் பதவிக்காலம் ஜூலை 8இல் முடிந்தது, புதியவர் இல்லை. அவ்வேளையில் பாராளுமன்றத்தின் மூன்று தலைவர்களும் கூடி அப்பொறுப்பை வகிக்க வேண்டும் என்பது சட்டம். அம்மூவரில் மூன்றாமவர் வேட்பாளராகிய ஹோஃபரே. தாம் பெற முயன்று தோற்ற பதவியில் மூன்றில் ஒரு பங்கு அவரிடம் தானே வந்து சேர்ந்தது.

மறுதேர்தல் அக்டோபர் 2 என்று குறித்தார்கள். அப்போது இன்னோர் இடர். புதிதாக அச்சிட்ட அஞ்சல் வாக்கு உறைகளின் ஓரம் பசை விட்டுப் பிளந்தது. உறை நேரத்துக்கு முன் திறந்ததால் நின்றுபோன தேர்தலில், உறை தானே திறந்துகொண்டால் என் செய்வது? பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி நாளைத் தள்ளிவைத்தது. இடையில் 16 வயது நிரம்பியவர்களும் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அந்நாட்டில் வாக்குரிமை வயது 2007 முதல் 16.

டிசம்பர் 4இல் மக்கள் மீண்டும் சாவடிக்குச் சென்றனர். வான் டெர் பெல்லன் 2,472,892 வாக்குகளும் ஹோஃபர் 2,124,661 வாக்குகளும் பெற்றனர். முன்னர் 30 ஆயிரமாய் இருந்த வேறுபாடு மூன்றரை இலட்சத்தை நெருங்கியது. அன்று மாலையே, அஞ்சல் வாக்குகளை எண்ணுமுன்னரே, ஹோஃபர் தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்துரைத்தார். 2017 ஜனவரி 26இல் புதிய தலைவர் பதவியேற்றார். 2022இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

திங்கட்கிழமை 9 மணி என்ற விதியும் பின்னர் மாறிற்று. 2023இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 முதல், முன்கூட்டி வந்துசேரும் அஞ்சல் வாக்குகளில் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமையன்றே மற்ற வாக்குகளோடு எண்ணப்படுகிறது.