கல்லடியில் இருக்கும் கணக்கு

ஆற்றுநீரைக் குப்பியில் எடுத்துச் சோதிப்பவருக்கு அந்த நொடியில் ஓடிய நீரின் நிலை மட்டுமே தெரியும். முந்தின இரவு கலந்த நஞ்சு அதற்குள் வெகுதூரம் போயிருக்கும். ஆற்றடிக் கற்களுக்குக் கீழே மாதக்கணக்கில், சில இனங்களில் இரண்டு ஆண்டுகள்கூட, இளம்பருவத்தைக் கழிக்கும் பூச்சிகளோ மீனைப்போல் விலகி நீந்த வழியற்றவை என்பதால், கடந்துபோன நீரின் விளைவு அவற்றின் எண்ணிக்கையில் தங்கிவிடுகிறது.

பிரிட்டனில் 2007 முதல் நாடளாவிய அளவில் நடந்துவரும் ‘ரிவர்ஃப்ளை’ கண்காணிப்பு இதையே அடிப்படையாகக் கொண்டது. இதைத் தொடங்கியவர்கள் தூண்டில்காரர்கள். பூச்சியைப் போலச் செய்த போலி இரையைக் கட்டி மீன் பிடிப்போருக்கு, எந்தப் பூச்சி எப்போது நீரை விட்டெழும் என்பது பழகிய பாடம். ஒருநாள் பயிற்சி பெற்ற தொண்டர், குறித்த ஓரிடத்தில் மாதந்தோறும் இறங்கி, மூன்று நிமிடம் படுகையைக் காலால் கிளறி, கலைந்துவரும் உயிர்களை நீரோட்டத்தின் கீழ்ப்புறம் வைத்த வலையில் சேர்க்கிறார். மணலாலும் குச்சியாலும் உறை கட்டிக்கொள்ளும் கேடிஸ் புழு, உறை கட்டாத கேடிஸ் புழு, ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளையில் நான்கு வகை, நன்னீர்க் கூனி என எட்டுக் குழுக்கள் மட்டுமே எண்ணப்படும். ஒரு குழுவில் ஒன்பது உயிர்கள் வரை இருந்தால் 1 மதிப்பெண், 99 வரை 2, 999 வரை 3, அதற்கு மேல் 4. கரடுமுரடான அளவுகோல்தான், ஆனால் எண்ணுபவரின் சிறு பிழைகள் முடிவை மாற்றாதபடி காப்பதும் அந்தக் கரடுமுரடே. மொத்த மதிப்பெண் அவ்விடத்துக்கென வகுத்த எச்சரிக்கை அளவுக்குக் கீழே இறங்கினால், அரசின் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகிறது.

தென் இங்கிலாந்தில், சுண்ணப்பாறை ஊற்றுகளால் ஓடும் கென்னெட் ஆற்றில் 2013 ஜூலையில் தொண்டர்கள் வழக்கம்போல் வலை வைத்தபோது, உயிரோடு நெளிய வேண்டிய பூச்சிகளும் கூனிகளும் செத்துக் கிடந்தன. மார்ல்பரோ ஊருக்குக் கீழே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வரை இதே நிலை. கழிவுநீர் நிலையத்தின் வழியாக வந்த குளோர்பைரிஃபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியே காரணம் என்பதை ஆய்வுக்கூடம்தான் கண்டறிந்தது. நஞ்சின் பெயரைச் சொல்வது வலையால் ஆகாத காரியம். நரம்புச் செய்தி முடிந்ததும் அதைத் துடைத்தழிக்கும் நொதியை முடக்கி, நரம்பை ஓயாமல் தூண்டிக் கொல்லும் இம்மருந்து, பூச்சியினத்துக்கு மிக நுண்ணிய அளவிலேயே கொடியது. இந்த அழிவுக்கு இரண்டு தேக்கரண்டியே போதுமாயிருந்திருக்கும் என மதிப்பிட்டார்கள். மேலே நீர் தெளிவாகவே ஓடியது.

பிரிட்டன் 2016 ஏப்ரலில் இம்மருந்தின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது. அது கென்னெட்டுக்காக அல்ல, மனித உடல்நலம் பற்றிய மறுமதிப்பீட்டின் பேரில்.