குடல்வாழ் நுண்ணுயிர்கள்

மனிதனது பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. கிருமி என்றவுடன் நோயை எண்ணி அஞ்சுவர் பலர். இவற்றுட் பெரும்பாலன தீங்கு செய்யாதவை. உடலுக்கு உற்ற துணையாவனவும் உள.

கீரை, பயறு, கைக்குத்தல் அரிசி ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மனிதக் குடலுக்கு இல்லை. செரியாது எஞ்சிய அந்நாரையே இந்நுண்ணுயிர்கள் இரையாகக் கொள்கின்றன. கொண்டு, அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் முதலிய அமிலங்களை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவரில் இடையிடையே அமைந்த சில உயிரணுக்கள் அவ்வமிலங்களை உணர்ந்து, ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோனைக் குருதியிற் கலக்கின்றன. ஹார்மோன் என்பது உறுப்புகளுக்கிடையே தூது செல்லும் சுரப்பு. அப்பெயரை 1905-ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர். குருதியிற் சர்க்கரை மிகும்போது, இத்தூது கணையத்தைத் தூண்டி இன்சுலினைப் பெருகச் செய்யும், இரைப்பையிலுள்ள உணவு விரைந்து வெளியேறாது தடுக்கும், பசியையும் தணிவிக்கும். நார் அருகிய உணவையே நாடோறும் உண்பாரிடத்து நுண்ணுயிர்களுக்கு இரை குன்றும், அமிலமும் குறையும்.

அமிலமே தூதை எழுப்புகிறது என்பதற்குச் சான்று யாது? 2012-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அமிலத்தை உணரும் ஏற்பி இல்லாத எலிகளின் குடலணுக்கள், அமிலம் பட்டபோதும் அந்த ஹார்மோனைக் குறைவாகவே சுரந்தன.