விலைக்குக் கிடைப்பது ஆலோசனை மட்டுமே

கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற விரும்பும் பொறியாளர்களும் கணினி வல்லுநர்களும் தமிழகத்தில் பலர் உள்ளனர். என்னிடம் பொருளாதாரம் பயின்றவர்களும் அவர்களுள் அடக்கம். ஆலோசகருக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டுமா என்பதுதான் அவர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி.

கட்டாயமில்லை. திறன்மிகு பணியாளர்களுக்காக 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் எவரும் தாமே இணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். வயது, கல்வி, மொழித்தேர்ச்சி, பணி அனுபவம் முதலியவற்றுக்கு 1,200 வரை மதிப்பெண் வழங்கி, அதன்படி தரவரிசை அமைக்கின்றனர். அழைப்பு வந்தால் 60 நாள்களுக்குள் முழு விண்ணப்பத்தை அளிக்க வேண்டும். முகவர் வழியாக வரும் விண்ணப்பத்துக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லை.

ஆயினும், முன்பு விசா மறுக்கப்பட்டவர், பணிச் சான்றுகளில் குறையுள்ளவர், மணமுறிவுக்குப் பின் பிள்ளையை உடன் அழைத்துச் செல்ல வேண்டியவர் ஆகியோருக்கு நல்ல ஆலோசனை கொடுத்த கட்டணத்துக்கு மேல் பயன் தரும். நல்ல ஆலோசகரை இனங்காண்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் தரமற்ற சரக்கு தரமான சரக்கை விரட்டிவிடும் என்று 1970-இல் பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார் ஜார்ஜ் அகெர்லோஃப்; 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். குடியேற்ற ஆலோசனை அதனினும் கடினமான சரக்கு. பழைய காரையாவது ஓட்டிப் பார்த்து அறியலாம். இங்கோ, வசிப்புரிமை கிடைத்த பின்னரும் அது ஆலோசகரின் திறமையால் வந்ததா, விண்ணப்பதாரரின் மதிப்பெண்ணால் வந்ததா என்று பிரித்தறிவது அரிது.

இத்தகைய சந்தைக்கு உரிமமே வேலி. வழக்குரைஞர்கள், உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர்கள் முதலிய சிலர் மட்டுமே கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கக் கனடா சட்டம் அனுமதிக்கிறது. 2021 நவம்பர் முதல் ஆலோசகர்களை ஒரு சட்டபூர்வ அமைப்பு ஒழுங்குபடுத்துகிறது. பெயரில் 'கல்லூரி' என்று இருந்தாலும் அது உரிமம் வழங்கி நடத்தையைக் கண்காணிக்கும் அமைப்பே. அதன் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். விண்ணப்பத்தில் தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று சொல்லும் முகவரை அங்கேயே தவிர்த்துவிடுவது நலம்.

ஏனெனில், இழப்பு முழுவதும் விண்ணப்பதாரருக்கே. தவறான விவரம் அளித்தது உறுதியானால் 5 ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை. முகவர்தான் எழுதினார் என்ற வாதம் பொதுவாக எடுபடாது. பணம் பெற்றுக்கொண்டு வேலை உத்தரவுக் கடிதம் தயாரித்துத் தரும் வணிகம் பெருகியதால், அக்கடிதத்துக்குத் தரப்பட்டுவந்த கூடுதல் மதிப்பெண்ணையே 2025 மார்ச்சில் கனடா நீக்கிவிட்டது.

வசிப்புரிமை வழங்குவது அரசு. அதற்கு உத்தரவாதம் தர எந்த ஆலோசகருக்கும் அதிகாரமில்லை. உரிம எண்ணைப் பதிவேட்டில் சரிபாருங்கள். கட்டணத்தையும் பணியையும் எழுத்தில் பெறுங்கள். விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள்.