கயித்துக்க கடைசியில முடிச்சு உண்டா?

லீவு லெட்டரில் 'காரணம்' என்ற இடத்தில் இதுவரை நான் எழுதியதெல்லாம் காய்ச்சல், கல்யாணம், கோயில் கொடை... இவ்வளவுதான். இந்தத் தடவை 'பாறை ஏற' என்று எழுதினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"விவேகானந்தர் பாறையா? அதுக்குத்தான் போட் விடுறானே வேய்!"

"இல்ல சார், காலிம்னோஸ். கிரீஸ் நாட்டுத் தீவு!"

எல்லாம் நண்பனால் வந்த வினை. வடசேரி டீக்கடையில் ரசவடையைப் பிய்த்தபடி அவன்தான் கதை சொன்னான். காலிம்னோஸ்காரர்கள் பரம்பரையாகக் கடலில் மூழ்கி ஸ்பாஞ்ச் எடுத்தவர்கள், நம்ம தூத்துக்குடி முத்துக்குளிப்பு மாதிரி. அந்தத் தொழில் நசிந்துவிட்டது. 1996-ல் விடுமுறைக்கு வந்த ஆந்திரெயா தி பாரி என்ற இத்தாலிக்காரர் அங்கேயுள்ள சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். மறு வருஷமே கூட்டாளிகளோடு வந்து, பாறையில் துளை போட்டு, இரும்பு வளையங்கள் பொருத்தி வழிகள் அமைத்தார். இன்று அங்கே மூவாயிரத்துக்கும் மேல் வழிகள். கடலில் மூழ்கிப் பிழைத்த ஊர், மலை ஏற வருகிறவர்களால் பிழைக்கிறது!

பேப்பரும் பேனாவுமாகத் திட்டம் போட்டோம். திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் மாறி, ஏதென்ஸ். அங்கிருந்து கோஸ் தீவு. அப்புறம் படகு. வெயில் தாழ்ந்த அக்டோபர் தோது. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ். பேங்க் பாஸ்புக்கைப் பார்த்தேன். அது என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"செலவைக் குறைப்போம். 80 மீட்டர் கயிறு வேண்டாம், 60 போதும்" என்றான் நண்பன். நானும் தலையாட்டினேன்.

திண்ணையில் இருந்த அவன் அப்பா மெல்லத் திரும்பினார். முப்பது வருஷம் பனையேறியவர். ஒருமுறை விழுந்ததில் இடுப்பு இன்னும் நேராகவில்லை.

"லே மக்கா, பனை ஏறுகதுக்கு எனக்குக் கூலி தந்தான். பாறை ஏறுகதுக்கு நீ அவனுக்குத் துட்டு குடுக்கணுமா?"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"பாறை எம்புட்டு உயரம்?"

"நாப்பது மீட்டர் வரும்பா."

"கீழ கயிறு பிடிக்கது ஆரு?"

நண்பன் என்னைக் காட்டினான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கயிறு மேல வளையத்துல மாட்டித் திரும்பித்தானே வரும்? மேல போக நாப்பது. மிச்சம் இருவது. அவன் பாதி இறங்கும்போ உனக்க கையில கயிறு தீந்துபோவுமே... பொறவு?"

எனக்கு ரசவடை தொண்டைக்குத் திரும்பி வந்தது. ஆறு மாடி உயரத்தில் நண்பன்... கீழே வெறுங்கையோடு நான்! வெளிநாட்டில் கைதேர்ந்தவர்களே இந்தக் கணக்கில் தவறி விழுந்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். அதற்குத்தான் இறங்குகிற உயரத்துக்கு இரண்டு பங்கு கயிறு வேண்டும் என்கிறார்கள். கயிற்றின் கடைசியில் ஒரு முடிச்சும் போட வேண்டும். அந்த முடிச்சு, பிடிப்பவரின் இடுப்புக் கருவியில் வந்து தட்டி நிற்கும்.

காலிம்னோஸ் தள்ளிப்போயிற்று. இப்போது ஞாயிறு விடிகாலையில் பொற்றையடி பக்கம் மருந்துவாழ்மலை. கயிறெல்லாம் கிடையாது, மூச்சுக்குப் பயிற்சி. அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையின் துண்டு என்பார்கள். முதல் வாரம் எனக்கே சஞ்சீவி தேவைப்பட்டது! உச்சியில் நின்றால் கடல் விரிகிறது.

அடுத்து, கர்நாடகத்தில் பாதாமி. அங்கே பயிற்சி தருகிறவர்களிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பிறகுதான் கிரீஸ்.

லெட்டரை மாற்றிக் கொடுத்தேன். "பாதாமியா? வரும்போ பாதாம் அல்வா வாங்கிட்டு வாரும்!" என்று கையெழுத்துப் போட்டார் மேனேஜர்.

திண்ணையிலிருந்து வந்த உத்தரவு வேறு. பெட்டி கட்டினோமா, டிக்கெட் எடுத்தோமா என்றெல்லாம் பெரியவர் கேட்பதில்லை. என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான்.

"கயித்துக்க கடைசியில முடிச்சு உண்டா மக்கா?"